கேமிங் பிசி பாகங்களை ஆஃபர்ல ஒவ்வொண்ணா வாங்காதீங்க: நான் சொன்ன தப்பான அட்வைஸும் 4,200 ரூபாய் நஷ்டமும்



2025 ஆரம்பத்துல என் சித்தி பையன் ஃபோன் பண்ணான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிஞ்சு, முதல் போனஸ் வந்திருக்கு. "அண்ணா, கேமிங் பிசி அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன். மொத்தம் 84,000 ஆகுது. கார்டுல ஈஎம்ஐ போட்டுடவா?"

நான் சிஏ ஆச்சே, வாய் சும்மா இருக்குமா? "ஈஎம்ஐ எல்லாம் வேண்டாம்டா. போனஸ்ல பாதியை எமர்ஜென்சி ஃபண்டுல போடு. மீதியையும் சம்பளத்தையும் வச்சு மாசம் ரெண்டு பாகமா வாங்கு. ஆஃபர் வரும்போது பிடி. மூணு மாசத்துல பிசி ரெடி, கடன் ஜீரோ"ன்னு சொல்லிட்டு ஃபோனை வச்சுட்டேன். நல்ல அட்வைஸ் குடுத்த திருப்தி வேற.

அவனும் சொன்னபடியே செஞ்சான். முதல் மாசம் ஒரு ஆன்லைன் சேல்ல 32 ஜிபி ரேமும், மூணு ஃபேன் வச்ச ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும். ரெண்டாவது மாசம் கேபினட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி. மூணாவது மாசம் ரைசன் 5 7600 ப்ராசஸரும் பி650 மதர்போர்டும். ஒவ்வொண்ணுலயும் ஐநூறு, ஆயிரம்னு மிச்சம். மொத்தமா 3,000 ரூபாய் மிச்சம் பிடிச்சேன்னு எனக்கு எக்ஸல் ஷீட் வேற அனுப்பினான்.

ஞாயித்துக்கிழமை அசெம்பிள் பண்ண உட்கார்ந்தான். ராத்திரி பத்து மணிக்கு வீடியோ கால். ரேம் ஸ்லாட்ல உட்காரவே மாட்டேங்குது. காரணம், அவன் வாங்கினது டிடிஆர்4. அந்த போர்டு டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும். சரின்னு அதை ஓரமா வச்சுட்டு கிராபிக்ஸ் கார்டை வைக்கப் போனா, கேபினட்டோட முன்பக்க ஃபேன்ல இடிக்குது. ஒரு விரல் அளவு இடம் பத்தலை. ரேமை ரிட்டர்ன் பண்ணலாம்னா அதோட ரிட்டர்ன் நாள் முடிஞ்சு ரெண்டரை மாசம் ஆச்சு. கேபினட்டுக்கும் அதே கதைதான்.

5,200 ரூபாய் ரேம் செகண்ட் ஹேண்ட்ல 2,800-க்குப் போச்சு. 3,800 ரூபாய் கேபினட் 2,000-க்கு. ரெண்டுலயும் சேர்த்து 4,200 நஷ்டம். ஆஃபர்ல மிச்சம் பிடிச்ச 3,000-ம் போய், அதுக்கு மேலயும் கையை விட்டுப் போச்சு. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டலை, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. தப்பு அவன் மேல மட்டும் இல்லையே. "கொஞ்சம் கொஞ்சமா வாங்கு"ன்னு சொன்னது நான்தான்.

அந்த அட்வைஸ் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டிலுக்கெல்லாம் சரி. ஒவ்வொண்ணும் தனித்தனி பொருள். பிசி அப்படி இல்லை. ஏழெட்டு பாகம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தினாத்தான் அது ஒரு பொருள். அதுவரைக்கும் உங்க ரூம்ல இருக்கிறது, எங்க பாஷையில சொன்னா, டெட் ஸ்டாக். அதான் இந்தப் பதிவு. எந்த கார்டுல எத்தனை எஃப்பிஎஸ் வரும்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க. எது எதோட பொருந்தும், பொருந்தலைன்னா பணம் எங்க மாட்டும், இதை மட்டும் பார்க்கலாம்.

பொருந்தலைன்னா அது டிஃபெக்ட் இல்லை

நிறைய பேர் நினைக்கிறது, "செட் ஆகலைன்னா திருப்பிக் குடுத்துடலாம்"னு. 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள்படி, பொருள் பழுதா இருந்தா, போலியா இருந்தா, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லைன்னா, சொன்ன தேதிக்கு மேல லேட்டா வந்தா, விக்கிறவர் திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா டிடிஆர்4-ன்னு தெளிவா எழுதி, டிடிஆர்4-ஐயே அனுப்பியிருக்காங்க. அது நல்லா வேலையும் செய்யுது. உங்க போர்டுல சேரலைங்கிறது அவங்க பிரச்சனை இல்லை. அதுக்கப்புறம் அந்தக் கடையோட ரிட்டர்ன் பாலிசி என்ன சொல்லுதோ அதுதான். பல இடத்துல கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தான், ரீஃபண்ட் கிடையாது. ரீப்ளேஸ்மென்ட்னா என்ன வரும்? இன்னொரு டிடிஆர்4.

அதனால இப்போ நான் சொல்றது இதுதான்: பணத்தை மாசாமாசம் சேருங்க, பாகத்தைச் சேர்க்காதீங்க. மாசம் 7,000 ரூபாய் ஆர்டி போட்டா 12 மாசத்துல 84,000, மேல வட்டி. முழுப் பணமும் கைக்கு வந்த வாரத்துல எல்லாத்தையும் ஒண்ணா வாங்குங்க. அப்போதான் எல்லா பாகத்தோட ரிட்டர்ன் நாளும் ஒண்ணா ஓடும், சோதிச்சுப் பார்க்க நேரம் இருக்கும். இன்னொரு லாபமும் இருக்கு. முதல்லயே வாங்கி வச்ச பாகத்தோட வாரண்டி, நீங்க உபயோகிக்காமலே மூணு மாசம் கரைஞ்சிடும். இதுல அது நடக்காது.

மானிட்டர்ல இருந்து ஆரம்பிங்க

எல்லாரும் ப்ராசஸர்ல ஆரம்பிப்பாங்க. என்னைக் கேட்டா மானிட்டர்தான் முதல். 60 ஹெர்ட்ஸ் ஃபுல் ஹெச்டி மானிட்டரை வச்சுக்கிட்டு 60,000 ரூபாய்க்கு கார்டு வாங்கினா, அந்தக் கார்டு வரையுற ஃபிரேம்ல பாதியை உங்க கண்ணு பார்க்கவே போறதில்லை. மானிட்டரை முடிவு பண்ணா எந்த ரகம் கிராபிக்ஸ் கார்டுன்னு தெரியும். அது தெரிஞ்சா ப்ராசஸர், அதுல இருந்து போர்டு, ரேம். கார்டும் ப்ராசஸரும் சேர்ந்து எஸ்எம்பிஎஸ் எவ்வளவுன்னு சொல்லிடும். கேபினட் கடைசி. எங்க தம்பி முதல்ல ரேம் வாங்கினான், அதுவும் ஆஃபர்ல இருந்துச்சுங்கிற ஒரே காரணத்துக்காக.

ப்ராசஸர், போர்டு, ரேம்: மூணும் ஒரே குடும்பம்

பணம் அதிகமா வீணாகிறது இங்கதான். கொஞ்சம் பொறுமையா படிங்க.

ப்ராசஸர் உட்கார்ற இடத்துக்கு சாக்கெட்னு பேர். சாக்கெட் வேற வேறன்னா எந்த வித்தையும் பலிக்காது. ஏஎம்டி-ல இப்போ கடைகள்ல ரெண்டு சாக்கெட் ஓடுது. ஏஎம்4, 2016-ல வந்தது, டிடிஆர்4 ரேம் மட்டும். ஏஎம்5, 2022-ல வந்தது, டிடிஆர்5 மட்டும். ரைசன் 5000 வரிசை ஏஎம்4. 7000, 9000 வரிசை ஏஎம்5. இதுல குழப்பமே இல்லை, சாக்கெட் தெரிஞ்சா ரேம் தெரிஞ்சிடும்.

இன்டெல்லதான் கவனம் வேணும். 12, 13, 14-ஆம் ஜெனரேஷன் மூணுக்கும் எல்ஜிஏ 1700 சாக்கெட். ஆனா அந்த சாக்கெட் போர்டுலயே டிடிஆர்4 எடுக்கிறதும் இருக்கு, டிடிஆர்5 எடுக்கிறதும் இருக்கு. பி760-ன்னு ஒரே பேர்ல ரெண்டு போர்டு பக்கத்துல பக்கத்துல அடுக்கி வச்சிருப்பாங்க. மாடல் பேரோட வாலில் டி4-ன்னு இருந்தா டிடிஆர்4. 2024-ல வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 சாக்கெட், அதுல டிடிஆர்5 மட்டும்தான்.

டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் 288 பின்தான், நீளமும் ஒண்ணுதான். நடுவுல இருக்கிற வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அழுத்தினா போயிடும்னு தோணும். அழுத்தாதீங்க. ரேமோட போகாது, போர்டும் சேர்ந்து போகும்.

ரேமை ரெண்டு ஸ்டிக் உள்ள ஒரே கிட்டா வாங்குங்க. 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வாங்கிட்டு "அப்புறமா இன்னொண்ணு போட்டுக்கலாம்"னா, அதுவரைக்கும் சிங்கிள் சேனல்தான், கேம்ல வேகம் குறையும். நாலு ஸ்லாட் இருக்கேன்னு நாலையும் நிரப்பவும் வேண்டாம். ரைசன் 7000-ல நாலு டிடிஆர்5 ஸ்டிக் போட்டா ஏஎம்டி அதிகாரப்பூர்வமா தர்ற வேகம் 3600-க்கு இறங்கிடும். ரெண்டு ஸ்டிக்ல 6000 வேக கிட் இந்த ப்ராசஸருக்கு நல்ல இடம். வாங்கின வேகம் தானா வராது, பயாஸ்ல எக்ஸ்போ, இன்டெல் போர்டுன்னா எக்ஸ்எம்பி, அதை ஆன் பண்ணணும். ஆறாயிரத்துக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா 4800-ல ஓட்டிட்டு இருக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். விலை எதுவும் இங்க எழுதலை, 2025 கடைசியில ரேம் விலை ஏறின ஏத்தத்துல நான் எழுதறது நாளைக்கே பழசாயிடும்.

பேருக்குப் பின்னாடி வர்ற ஒரு எழுத்துக்கும் பணம் இருக்கு. இன்டெல்ல 'எஃப்'னு முடிஞ்சா உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 7500எஃப்-ம் அப்படித்தான். தனி கார்டு வாங்கறவங்களுக்கு விலை கம்மி, நல்லதுதான். ஆனா கார்டு பின்னாடி வாங்கிக்கலாம்னு நினைச்சு எஃப் வாங்கினா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது. இன்டெல்ல 'கே' வச்ச ப்ராசஸரை பி760 போர்டுல போட்டா ஓவர்கிளாக் பண்ண முடியாது. ரைசன் 5 7600 பெட்டியில கூலர் வரும். 7600எக்ஸ் பெட்டியில வராது, அதுக்குத் தனியா பணம் எடுத்து வைக்கணும்.

சாக்கெட் சரி, ஆனா ஸ்கிரீன் கருப்பு

சாக்கெட் பொருந்தியும் பிசி ஆன் ஆகாத கேஸ் ஒண்ணு இருக்கு. பி650 போர்டு 2022-ல வந்தது. ரைசன் 9000 வரிசை 2024 ஆகஸ்ட்ல வந்தது. கடையில ரெண்டு வருஷமா கிடந்த போர்டுக்கு இந்த ப்ராசஸர் யாருன்னே தெரியாது. பயாஸ் அப்டேட் பண்ணினாத்தான் தெரியும். அப்டேட் பண்ணணும்னா பிசி ஆன் ஆகணும். ஆன் ஆகணும்னா அப்டேட் பண்ணியிருக்கணும்! இதுக்காகத்தான் பல போர்டுல பயாஸ் ஃபிளாஷ்பேக்னு ஒரு பட்டன் வச்சிருக்காங்க. ப்ராசஸரே இல்லாம, எஸ்எம்பிஎஸ்-ம் பென் டிரைவும் இருந்தா போதும். ஐநூறு ரூபாய் கூட இருந்தாலும் அந்தப் பட்டன் இருக்கிற போர்டை வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். போர்டு கம்பெனி வெப்சைட்ல, அந்த மாடலோட பக்கத்துல, ப்ராசஸர் சப்போர்ட் லிஸ்ட் இருக்கும். எந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் வெர்ஷன்னு அதுலயே போட்டிருக்கும். அஞ்சு நிமிஷ வேலை.

ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி நேர்ல போய் வாங்கற இடத்துல இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. ப்ராசஸரையும் போர்டையும் ஒரே கடையில வாங்கி, "பயாஸ் அப்டேட் பண்ணி, டிஸ்ப்ளே வர்றதைக் காட்டிக் குடுங்கண்ணே"ன்னு கேளுங்க. ரெண்டும் ஒரே பில்லுன்னா பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க.

எஸ்எம்பிஎஸ்-ல மிச்சம் பிடிக்காதீங்க

கணக்கு சுலபம். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட். ரைசன் 5 7600-ல 65 வாட்னு போட்டிருக்கும், ஆனா முழு வேலையில 88 வரைக்கும் இழுக்கும். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 60 வைங்க. மொத்தம் 263. என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் சொல்றாங்க. ஆர்டிஎக்ஸ் 4070-ன்னா கார்டு மட்டும் 200 வாட், 650 வாட் எஸ்எம்பிஎஸ் சொல்றாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு கார்டு மாத்துற எண்ணம் இருந்தா இப்பவே 650 வாங்கறது தப்பில்லை. 850 எல்லாம் இந்த பட்ஜெட்ல வீண்.

சில கேபினட்டோட கூடவே ஒரு எஸ்எம்பிஎஸ் இலவசமா வரும். அதை நம்பி கிராபிக்ஸ் கார்டை மாட்டாதீங்க. ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற மொத்த வாட்டை விட்டுட்டு, 12 வோல்ட் லைன்ல எத்தனை வாட்னு பாருங்க. கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுறது அதைத்தான். 80 பிளஸ் ப்ரான்ஸ், கோல்டுங்கிறதெல்லாம் கரண்டை எவ்வளவு வீணாக்காம தருதுங்கிற சான்று. தரத்துக்கு முழு கேரண்டி அது இல்லை, வாரண்டி எத்தனை வருஷம்னும் சேர்த்துப் பாருங்க.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாத்தினா பழைய கேபிளை அப்படியே விட்டுட்டு புதுசை மட்டும் மாத்தலாம்னு ஆசை வரும். கூடவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் அமைப்பு கம்பெனிக்கு கம்பெனி மாறும். பிளக் பொருந்தும், கரண்ட் தப்பான பின்ல போகும், எஸ்எஸ்டி கருகும். உங்க ஃபோட்டோ எல்லாம் அதுலதான் இருக்கும்.

யுபிஎஸ் வாங்கறவங்க: 600 விஏ-ன்னு எழுதியிருக்கிற வீட்டு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். மேல போட்ட கணக்குல மானிட்டரையும் சேர்த்துப் பார்த்துட்டு வாங்குங்க.

கரண்ட் பில்? 300 வாட், தினம் மூணு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம்னாலும், ஏற்கெனவே ஏசி ஓடுற வீடுன்னா இந்த 54 மேல இருக்கிற ஸ்லாப்லதான் போய் உட்காரும்.

மில்லிமீட்டர் கணக்கு

போர்டு மூணு அளவுல வரும். ஏடிஎக்ஸ் 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. பெரிய கேபினட்ல சின்ன போர்டு போகும், சின்னதுல பெரிசு போகாது. இதை எல்லாரும் பார்த்துடுவாங்க. மாட்டறது கார்டோட நீளத்துல. ஒரே 4060-ஐ ரெண்டு ஃபேன், மூணு ஃபேன்னு விதவிதமா விக்கறாங்க, நீளம் 10 சென்டிமீட்டர் வரைக்கும் வித்தியாசப்படும். 115 வாட் கார்டுக்கு ரெண்டு ஃபேனே தாராளம். கேபினட் பக்கத்துல போட்டிருக்கிற அதிகபட்ச கார்டு நீளத்துல முன்பக்க ஃபேனுக்கான 25 மில்லிமீட்டரைக் கழிச்சுட்டுப் பாருங்க. முன்னாடி ரேடியேட்டர் வைக்கறதா இருந்தா அதையும் கழிக்கணும். டவர் கூலர்னா உயரம், கேபினட்டோட அகலத்துல அடங்குதான்னு பார்க்கணும்.

எஸ்எஸ்டி-ல ஒரே ஒரு எச்சரிக்கை. எம்.2 வடிவத்துல சாட்டா, என்விஎம்இ ரெண்டும் வரும், பார்க்க கிட்டத்தட்ட ஒண்ணுதான். புது போர்டுகள்ல நிறைய என்விஎம்இ மட்டும்தான் எடுக்கும்.

ஈஎம்ஐ, பில், வரி

"நோ காஸ்ட்" ஈஎம்ஐ-யோட கணக்கைப் பார்த்துடலாம். 30,000 ரூபாய் கார்டு, ஆறு மாசம், மாசம் 5,000. பேங்க் 15% வட்டி போடுதுன்னு வைங்க. கடை உங்களுக்கு 1,270 ரூபாய் தள்ளுபடி குடுத்து 28,730-க்கு பில் போடும், பேங்க் அந்த 1,270-ஐ வட்டியா வாங்கிக்கும். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 229 ரூபாய். ப்ராசஸிங் ஃபீஸ் 199-ம் அதோட ஜிஎஸ்டி-யும் 235. ஆக மொத்தம் 464 ரூபாய் உங்க கையில இருந்து. பெரிய தொகை இல்லைதான். ஆனா பொருளைத் திருப்பினா இந்த ஃபீஸ் பெரும்பாலும் திரும்பாது.

84,000-ல ஜிஎஸ்டி மட்டும் 12,814 ரூபாய். சம்பளக்காரருக்கு அது செலவுதான். வீட்ல இருந்து ஆஃபீஸ் வேலை பார்க்கறேன்னாலும் பிசி விலையைச் சம்பள வருமானத்துல கழிக்க வழியில்லை. சைடுல ஃப்ரீலான்ஸ் எடிட்டிங் மாதிரி தொழில் வருமானம் இருந்து, கணக்கு எழுதி ரிட்டர்ன் போடறவங்கன்னா கம்ப்யூட்டருக்கு 40% தேய்மானம் உண்டு, தொழிலுக்கு உபயோகிக்கிற பங்குக்கு மட்டும். அந்த வருஷத்துல 180 நாளுக்குக் கம்மியா உபயோகிச்சிருந்தா 20%. ஜிஎஸ்டி பதிவு இருந்து அந்த வரியை கிரெடிட்டா எடுத்துட்டீங்கன்னா, எடுத்த வரி மேல தேய்மானம் கேட்கக் கூடாது.

"பில் வேண்டாம்னா கம்மி பண்ணித் தரேன்"னு யாராவது சொன்னா நடையைக் கட்டுங்க. மூணு வருஷ வாரண்டி அந்தக் காகிதத்துலதான் இருக்கு. உங்க பேர், தேதி, பாகத்தோட சீரியல் நம்பர் மூணும் பில்லுல இருக்கான்னு கடையிலேயே பாருங்க. வெளிநாட்டுல இருந்து வந்த சரக்குன்னா இங்க கம்பெனி வாரண்டி இருக்கா, இல்லை கடைக்காரர் வாய் வார்த்தைதானான்னு கேட்டுக்கோங்க.

பார்சல் வந்த அன்னைக்கு

பிரிக்கிறதை முழுசா வீடியோ எடுங்க, சீரியல் நம்பர் தெரியற மாதிரி. உடனே கேபினட்ல மாட்டாதீங்க. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வச்சு, ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஆன் பண்ணுங்க. பயாஸ் ஸ்கிரீன் வந்தா மீதி ரேம், கார்டு, எஸ்எஸ்டி ஒவ்வொண்ணா. கார்டு போட்டதும் மானிட்டர் கேபிளை கார்டுல செருகுங்க, போர்டுல இல்லை. இந்த ஒண்ணுக்காகவே "கார்டு வேலை செய்யலை"ன்னு எனக்கு வர்ற மெசேஜ் ஏராளம். எல்லாம் சரின்னா கேபினட்டுக்கு மாத்தி, ரெண்டு நாள் நல்லா கனமான கேம் ஓட்டிப் பாருங்க. இதெல்லாம் ரிட்டர்ன் நாளுக்குள்ள முடியணும்.

எங்க தம்பியோட பிசி இப்போ நல்லா ஓடுது. அந்த 4,200-ல பாதியை நான் அவன் அக்கவுண்டுக்கு அனுப்பினேன். "எதுக்குண்ணா"ன்னு கேட்டான். கன்சல்டிங் ஃபீஸ் ரீஃபண்டுன்னு நேரேஷன்ல போட்டிருந்தேன், அவன் அதைப் பார்க்கலை.